களைக்கு அடித்த மருந்தும் கருகிய ஸ்ப்ரூஸ் மரங்களும்: 2011 இம்ப்ரலிஸ் நிகழ்வு

2011 மே மாதக் கடைசியில் அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் உள்ள வேளாண் விரிவாக்க அலுவலகங்களுக்கும் தாவர நோயறி ஆய்வகங்களுக்கும் ஒரே மாதிரியான புகார்கள் வரத் தொடங்கின. வீட்டு முன்புறத்தில் நிற்கும் நார்வே ஸ்ப்ரூஸ், வெள்ளை பைன் என்ற ஊசியிலை மரங்களின் உச்சிக் குருத்து முறுக்கிக்கொண்டு வளைகிறது, பழுப்பேறுகிறது, சில வாரங்களில் காய்ந்துவிடுகிறது. முந்தைய ஆண்டு வரை ஒரு குறையும் இல்லாமல் நின்ற மரங்கள் அவை. மிச்சிகன், இண்டியானா, ஒஹாயோ, பென்சில்வேனியா, மின்னசோட்டா என்று தூர தூரமான இடங்களிலிருந்து ஒரே படம் வந்ததால், உள்ளூர்ப் பனி என்றோ ஒரு தெருவைப் பிடித்த பூச்சி என்றோ ஒதுக்கிவிட முடியவில்லை. விசாரிக்க விசாரிக்க எல்லாப் புகார்களிலும் ஒரு பெயர் வந்து நின்றது. அந்த மரங்களைச் சுற்றியுள்ள புல்தரையில் டியூபாண்ட் நிறுவனத்தின் இம்ப்ரலிஸ் என்ற புதிய களைக்கொல்லியை அடித்திருந்தார்கள்.

பருவம் பார்க்காமல் செய்த வேலையால் செடி கெட்ட கதைகள் நிறைய உண்டு. இந்த நிகழ்வை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் வேறு. இங்கே யாரும் பருவம் தவறவில்லை. புல்தரை அட்டவணையில் எந்த மாதம் எழுதியிருந்ததோ அந்த மாதத்தில், பயிற்சி பெற்ற ஆட்கள் வந்து செய்த வேலை இது. அந்த அட்டவணை புல்லுக்காக எழுதப்பட்டது. அதே மண்ணில் வேர்விட்டிருந்த மரத்துக்கு அப்போது என்ன பருவம் என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

அந்தப் பகுதிகளின் புல்தரைகள் கெண்டக்கி புளூகிராஸ், ஃபெஸ்க்யூ போன்ற, குளிர்ச்சியான பருவத்தில் வளரும் புல் வகைகள். பனி உருகியதும் ஒரு வளர்ச்சி, கோடையில் சோர்வு, இலையுதிர் காலத்தில் இன்னொரு வளர்ச்சி என்பது அவற்றின் ஆண்டு. டேண்டிலியன், கிளோவர், வயலட், தரையில் படரும் கிரவுண்ட் ஐவி ஆகிய அகன்ற இலைக் களைகள் ஏப்ரல், மே மாதங்களில் கண்ணில் படும். டேண்டிலியனின் மஞ்சள் பூ தெரிந்ததும் வீட்டுக்காரர் தொலைபேசியை எடுப்பார், பராமரிப்பு நிறுவனத்தின் வண்டி வரும். பல்லாண்டுக் களைகளை ஒழிக்க உண்மையில் நல்ல பருவம் இலையுதிர் காலம்தான். குளிருக்கு முன் செடி தன் மாவுச்சத்தை வேருக்கு இறக்கும்போது இலையில் பட்ட மருந்தும் கூடவே இறங்கும், வேரோடு சாகும். இது புல்தரைத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனாலும் வசந்தத்தில்தான் அதிகம் அடிக்கிறார்கள், பூ அப்போதுதான் தெரிகிறது என்பதால்.

இப்போது அதே மே மாதத்தில் ஸ்ப்ரூஸ் மரம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்க்கலாம். ஸ்ப்ரூஸும் வெள்ளை பைனும் அடுத்த ஆண்டுக்கான தளிரை முந்தைய கோடையிலேயே மொட்டுக்குள் உருவாக்கி வைத்துவிடும். வசந்தத்தில் அந்த மொட்டு உடைந்து சில வாரங்களில் நீண்டுவிட்டால், நீள வளர்ச்சி அந்த ஆண்டுக்கு அவ்வளவுதான். பல இலையுதிர் மரங்கள் முதல் தளிர் கெட்டாலும் கோடையில் இன்னொன்று விடும். இந்த மரங்களுக்கு அந்த வசதி குறைவு. ஆகவே அந்தச் சில வாரங்களில் நுனிக்கு ஏதாவது நேர்ந்தால் ஒரு வருட வளர்ச்சி மொத்தமும் போகும். உச்சிக் குருத்தே போனால் மரத்தின் வடிவமும் போய்விடும்.

மருந்து எப்படிப்பட்டது

இம்ப்ரலிஸின் வேலை செய்யும் பொருள் அமினோசைக்ளோபைராக்ளோர். செடிகள் தங்களுக்குள் சுரக்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனைப் போல நடிக்கும் வகையைச் சேர்ந்தது. அகன்ற இலைச் செடிக்குள் போனதும் கட்டுக்கடங்காத வளர்ச்சியைத் தூண்டும். தண்டு முறுக்கும், இலை கிண்ணமாகக் குழியும், கடைசியில் செடி சாகும். புல் வகைகள் இதைத் தாங்கிக்கொள்ளும். 2,4-டி, டைகாம்பா, குளோபைரலிட் ஆகிய களைக்கொல்லிகள் எல்லாம் இதே பெரிய குடும்பம்தான்.

2010-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இபிஏ இதற்கு நிபந்தனையுடன் பதிவு கொடுத்தது. சில்லறைக் கடையில் கிடைக்காது, தொழில்முறைப் பராமரிப்பாளர்களுக்கு மட்டுமே விற்பனை. மனிதர்களுக்கும் விலங்குகளுக்கும் நச்சுத்தன்மை குறைவு என்பதும், ஏக்கருக்கு 4.5 திரவ அவுன்ஸ், அதாவது சுமார் 130 மில்லி போதும் என்பதும் பெரிய கவர்ச்சியாக இருந்தன. கிரவுண்ட் ஐவி, வயலட் போன்று மற்ற மருந்துகளுக்கு மசியாத களைகளும் இதற்கு அடங்கின. சுற்றுச்சூழல் பற்றிக் கவலைப்படுகிற வாடிக்கையாளரிடம் இது குறைந்த மருந்து, பாதுகாப்பான மருந்து என்று சொல்ல முடிந்தது. அப்படிச் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. நாய்க்கும் குழந்தைக்கும் பாதுகாப்பானது பக்கத்தில் நிற்கும் மரத்துக்கும் பாதுகாப்பானதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் வேதியியலில் கிடையாது, அவ்வளவுதான்.

சிக்கல் இரண்டு குணங்களில் இருந்தது. இந்தப் பொருள் இலை வழியாக மட்டுமில்லாமல் வேர் வழியாகவும் நன்றாக ஏறும். அப்புறம், மண்ணில் நீண்ட காலம் கிடக்கும். பழைய 2,4-டி மண்ணில் விழுந்தால் நுண்ணுயிர்கள் ஓரிரு வாரங்களில் அதில் பாதியைத் தின்று தீர்த்துவிடும். அமினோசைக்ளோபைராக்ளோர் பாதியாகக் குறைய மண்ணைப் பொறுத்து மாதக்கணக்கில்கூட ஆகலாம். தண்ணீரில் எளிதில் கரைவதால் மழையோடு வேர் மண்டலத்துக்கு இறங்கும். களையை ஒழிப்பவருக்கு இவை இரண்டும் நல்ல குணங்கள், ஒரு முறை அடித்தால் நீண்ட பலன். மரத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் இவையே ஆபத்து.

2011 ஏப்ரல் ஒஹாயோ பள்ளத்தாக்குப் பகுதியில் பதிவுகளிலேயே அதிக மழை பெய்த ஏப்ரல்களில் ஒன்று. ஈரமான மண், கரைந்து இறங்கும் மருந்து, துளிர்க்கத் தண்ணீரை இழுத்துக்கொண்டிருக்கும் மரம். இந்த மூன்றும் ஒரே சமயத்தில் சேர்ந்தன.

வேர் எங்கே முடிகிறது

கிளைகள் பரவியிருக்கும் எல்லை வரைதான் வேர் என்று பலரும் நினைக்கிறார்கள். தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சும் நுண்வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் 30 முதல் 45 சென்டிமீட்டருக்குள் இருக்கும். பக்கவாட்டில் அவை கிளை எல்லையைத் தாண்டி இரண்டு மூன்று மடங்கு தூரம் போகும். ஸ்ப்ரூஸின் வேர் அதிலும் மேலாகவே ஓடும். சாதாரண வீட்டு முற்றத்தில் ஒரு முதிர்ந்த ஸ்ப்ரூஸ் நின்றால், முற்றத்துப் புல்தரை முழுவதற்கும் அடியில் அதன் வேர்தான். பக்கத்து வீட்டுப் புல்லுக்கடியிலும் அதன் வேர் இருக்கலாம். தன் புல்தரைக்கு மருந்தே அடிக்காதவரின் மரம்கூடப் பாதிக்கப்பட முடிந்தது இதனால்தான்.

ஆகவே "மரத்தின் மேல் படாமல் தெளி" என்ற வழக்கமான எச்சரிக்கை இங்கே பெரிதாக உதவாது. காற்றில் சாரல் போய் இலையில் படுவதைத் தடுக்கலாம். புல்லுக்குக் கீழே இருக்கும் வேரை எப்படி விலக்கித் தெளிப்பது?

அறிகுறியை எப்படிப் பிரித்தார்கள்

இந்தப் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் எந்தத் தோட்டத்துக்கும் பயன்படும். ஸ்ப்ரூஸ் பழுப்பாவதற்குக் காரணங்கள் ஏராளம். குளிர்காலக் காற்றில் காய்வது, வறட்சி, சாலை உப்பு, ஊசியிலைகளை உதிர்க்கும் ரைசோஸ்ஃபேரா பூஞ்சை, சிலந்திப்பேன், கிளைபோசேட் என்ற களைக்கொல்லியின் சாரல் எனப் பட்டியல் போகும். ஆய்வகத்தினர் முதலில் பார்த்தது நிறத்தைவிட இடத்தைத்தான்.

பூஞ்சை நோய் மரத்தின் கீழ்க் கிளைகளில், உள்பக்கத்துப் பழைய ஊசிகளில் தொடங்கி மேலேறும். புதிய நுனி பச்சையாகவே இருக்கும். வறட்சி மரம் முழுக்கச் சோர்வாகத் தெரியும். குளிர்காலக் காற்றில் காய்ந்தால் காற்றடிக்கும் பக்கமும் வெயில் படும் பக்கமும் பழுப்பாகும், பனி மூடியிருந்த அடிக்கிளை தப்பியிருக்கும். இம்ப்ரலிஸ் பட்ட மரங்களில் சேதம் அந்த ஆண்டின் புதுத் தளிரில், அதிலும் உச்சியில் கடுமையாக இருந்தது. பழைய ஊசிகள் பச்சையாக இருக்க, நுனி மட்டும் கொக்கி போல வளைந்து, வீங்கி, கருகியது. சில மரங்களில் மருந்து அடித்த புல்தரையை நோக்கிய பக்கம் மட்டும் பாதிக்கப்பட்டு, மறுபக்கம் ஒன்றும் ஆகாமல் நின்றது. காய்வதோடு முறுக்கலும் இருந்தால் ஆக்சின் வகை மருந்தைச் சந்தேகிக்க வேண்டும். சும்மா காய்கிற தளிர் தொங்கும், ஆனால் வீங்கி முறுக்காது.

அடுத்த தடயம் இனக் கலவை. ஒரே முற்றத்தில் நார்வே ஸ்ப்ரூஸும் வெள்ளை பைனும் சேர்ந்து பாதிக்கப்பட்டன. சில இடங்களில் ஹனிலோகஸ்ட் போன்ற அகன்ற இலை மரங்களும் சேர்ந்துகொண்டன. நோய்க்கிருமி பொதுவாக ஓர் இனத்தையோ நெருங்கிய உறவுகளையோதான் பிடிக்கும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மரங்கள் ஒரே வாரத்தில் விழுந்தால் மண்ணையும் தண்ணீரையும் மனிதனையும் சந்தேகி என்பது நோயறியும் ஆட்களின் பழைய விதி.

கடைசியாகக் காலம். மருந்து அடித்த தேதியிலிருந்து சில வாரங்களில் அறிகுறி. இங்கேதான் பராமரிப்பு நிறுவனங்கள் கொடுத்திருந்த ரசீதுகள் உதவின. எந்த நாள், எந்த மருந்து என்று அதில் எழுதியிருந்தது. பின்னால் இழப்பீடு கேட்டபோதும் அந்தத் தாள்தான் ஆதாரம்.

கடிதத்திலிருந்து நீதிமன்றம் வரை

மருந்து கலப்பதில் தவறு, வேறு மருந்தோடு சேர்த்தது, மரத்துக்கு மிக அருகில் அடித்தது என்று தெளித்தவர்கள் பக்கம் விரல் நீட்டும் பேச்சு தொடக்கத்தில் இருந்தது. ஜூன் 17 அன்று டியூபாண்ட் பராமரிப்பாளர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. நார்வே ஸ்ப்ரூஸோ வெள்ளை பைனோ இருக்கும் இடத்திலும் அதன் அருகிலும் அடிக்க வேண்டாம் என்றது. அதற்குள் வசந்தகாலத் தெளிப்பு பெரும்பாலும் முடிந்திருந்தது. ஆகஸ்ட் தொடக்கத்தில் நிறுவனம் விற்பனையை நிறுத்தியது. ஆகஸ்ட் 11 அன்று இபிஏ விற்பனையையும் பயன்பாட்டையும் நிறுத்தும் உத்தரவைப் போட்டது. பால்சம் ஃபிர், நார்வே ஸ்ப்ரூஸ், வெள்ளை பைன் ஆகியவை இந்த மருந்தால் கெடவோ சாகவோ கூடும் என்று நிறுவனத்தின் சொந்தச் சோதனைத் தரவுகளே காட்டியதாக முகமை சொன்னது.

நாடு முழுக்கத் தொடரப்பட்ட வழக்குகள் பிலடெல்ஃபியாவில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒன்றாக்கப்பட்டன. கூட்டு வழக்கின் சமரசத்துக்கு 2013 அக்டோபரில் இறுதி ஒப்புதல் கிடைத்தது. மரத்தை அகற்றுவது, புது மரம் நடுவது, காப்பாற்றக்கூடிய மரத்துக்குப் பராமரிப்பு என்று இழப்பீடு போனது. இந்த ஒரு மருந்துக்காக நிறுவனம் ஒதுக்கிய தொகை நூறு கோடி டாலரைத் தாண்டியது. மரத்தின் மதிப்பு வளர்ந்த வருடங்களில் இருக்கிறது. நாற்றங்காலிலிருந்து அதே உயர மரத்தைப் பெயர்த்துக் கொண்டுவந்து நடுவதற்கு என்ன செலவாகும் என்று கணக்குப் போட்டால் இந்தத் தொகை ஆச்சரியமில்லை.

2014 செப்டம்பரில் இபிஏவுடன் தனியாக ஒரு தீர்வு ஏற்பட்டது. பாதகமான விளைவுகள் பற்றிய 18 அறிக்கைகளை உரிய நேரத்தில் தரவில்லை, மரங்களைக் காக்கப் போதுமான எச்சரிக்கை இல்லாத லேபிளுடன் விற்றது என்பவை முகமையின் குற்றச்சாட்டுகள். அபராதம் 18,53,000 டாலர். மரச் சேதம் பற்றி அதுவரை 7,000-க்கும் மேற்பட்ட புகார்கள் பதிவாகியிருந்தன.

இதில் நான் அதிகம் குறை காண்பது ஆராய்ச்சி நடந்த விதத்தை. புல்தரை மருந்தைச் சோதிப்பவர்கள் புல்தரை வல்லுநர்கள். சோதனைப் பாத்திகள் திறந்த வெளியில், மரமில்லாத சமதரையில் இருக்கும், அங்கே களை சாகிறதா புல் தாங்குகிறதா என்று அளப்பார்கள். வீட்டு முற்றம் அப்படி இருப்பதில்லை. அதிலும் இந்த ரசாயனக் குடும்பம் முன்னமே எச்சரித்திருந்தது. 2000-ஐ ஒட்டி வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரக் கம்போஸ்ட்டில் குளோபைரலிட் மிச்சம் இருந்து, அதைப் போட்ட தோட்டங்களில் தக்காளிச் செடிகள் முறுக்கிக்கொண்டன. அந்த மாநிலம் 2002-இல் புல்தரைகளில் அந்த மருந்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

பாதிக்கப்பட்ட மரங்களை என்ன செய்தார்கள்

முதல் கோடையில் பல வீட்டுக்காரர்கள் செய்யத் துடித்த மூன்று காரியங்கள்: உரம் போடுவது, காய்ந்ததை வெட்டுவது, மரத்தையே எடுத்துவிடுவது. விரிவாக்கத் துறையினர் மூன்றையும் வேண்டாம் என்றார்கள். தழைச்சத்து கொடுத்தால் மரம் துளிர்க்க முயலும், வேர் மண்டலத்தில் மருந்து மிச்சமிருக்க அந்தத் துளிரும் முறுக்கும். வெட்டுவதும் அவசரம், ஏனென்றால் வெளியே கருகியிருந்தாலும் பக்க மொட்டுகள் உள்ளே உயிரோடு இருக்கலாம். அடுத்த வசந்தத்தில் மொட்டு உடையும் வரை பொறுத்திருந்து, உயிர் எது, சாவு எது என்று தெரிந்த பிறகு வெட்டுவதே நல்லது. மழை இல்லாத வாரங்களில் ஆழமாகத் தண்ணீர் விடுவது மட்டும்தான் உடனடி வைத்தியம்.

லேசாகப் பாதிக்கப்பட்ட மரங்களில் கணிசமானவை பின்னர் தேறின. உச்சி செத்த மரங்களில் பக்கக் கிளை ஒன்று நிமிர்ந்து புதுத் தலைமைக் குருத்தாக மாற முயலும். இரண்டு மூன்று கிளைகள் போட்டி போட்டால் ஒன்றை விட்டு மற்றதைக் குறைக்க வேண்டும். பைனில் ஊசியில்லாத பழைய கட்டையிலிருந்து புதுத் துளிர் வராது. அதனால் பாதிக்கு மேல் செத்த பைனை வைத்துக் காத்திருப்பதில் பெரிய பலன் இல்லை.

அகற்றிய மரங்களைச் சில்லுகளாக்கி மண்ணை மூடும் மூடாக்காகப் போடக் கூடாது, கம்போஸ்ட்டில் சேர்க்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்லப்பட்டது. வெட்டிய புல்லுக்கும் அதே விதி. மருந்து கட்டையிலும் புல்லிலும் மிச்சமிருக்கும்.

ஆண்டு அட்டவணையில் எதை மாற்றலாம்

முதல் மாற்றம் வசந்தத்தில்தான். ஊசியிலை மரங்கள் மொட்டு உடைத்துத் தளிர் கெட்டிப்படும் வரை அவற்றின் வேர் எல்லைக்குள் அகன்ற இலைக் களைக்கொல்லி வேண்டாம். மண் ஈரமாக இருக்கும் அந்த மாதங்களில் டேண்டிலியனை வேரோடு பிடுங்குவது எளிது. மிச்சத்தை இலையுதிர் காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம், அப்போதும் முழுத் தரைக்கும் வேண்டாம், களை இருக்கும் இடத்துக்கு மட்டும் போதும்.

உரமும் களைக்கொல்லியும் ஒன்றாகக் கலந்த குருணைகளை நான் மரமுள்ள தோட்டத்தில் பரிந்துரைக்க மாட்டேன். உரம் தரை முழுக்க விழ வேண்டும், களைக்கொல்லி களையில் மட்டும் விழ வேண்டும். இந்த இரண்டையும் ஒரே குருணையில் அடைத்தால் களையே இல்லாத மரத்தடியிலும் மருந்து விழும். இவற்றில் பலவற்றில் டைகாம்பா இருக்கிறது, அதுவும் மண்ணில் நகரும், வேரில் ஏறும்.

மரத்தைச் சுற்றிப் புல்லை எடுத்துவிட்டு 5 முதல் 10 சென்டிமீட்டர் மரச்சில்லு மூடாக்குப் போட்டால் அந்த வட்டத்தில் யாரும் மருந்து அடிக்க மாட்டார்கள், புல்வெட்டும் இயந்திரமும் அடிமரத்தைக் காயப்படுத்தாது. மூடாக்கு அடிமரத்தை மட்டும் தொடக் கூடாது. புல்லை 7 முதல் 9 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்தால் களை விதைக்கு வெயில் கிடைக்காமல் பாதி வேலை தானாக முடியும். ஒட்டக் கத்தரித்துவிட்டு அப்புறம் களை அதிகம் என்று மருந்து தேடுவது வீண் செலவு.

அமினோசைக்ளோபைராக்ளோர் 2011-ஓடு ஒழிந்துவிடவில்லை. புல்தரையிலிருந்து இம்ப்ரலிஸ் போனாலும், சாலையோரம் போன்ற இடங்களுக்கு வேறு பெயர்களில் இதே பொருள் விற்பனையில் இருந்தது. ஓரிகன் மாநிலத்தில் சிஸ்டர்ஸ் ஊருக்கு அருகே நெடுஞ்சாலை ஓரத்தில் இதைத் தெளித்ததில் சுமார் 2,000 பாண்டெரோசா பைன்கள் செத்தன அல்லது சாகும் நிலைக்கு வந்தன. அதற்குப் பிறகுதான் அந்த மாநிலம் சாலையோரப் பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு போட்டது.

வாங்கும் மண், சாணம், கம்போஸ்ட் ஆகியவற்றில் இத்தகைய மருந்து மிச்சம் இருக்கிறதா, பட்டுப்போன மரத்தின் குழியில் புது மரம் நடலாமா என்று பார்க்க ஆய்வகம் தேவையில்லை. சந்தேகமுள்ள மண்ணைச் சில தொட்டிகளிலும், நிச்சயம் சுத்தமான மண்ணைச் சில தொட்டிகளிலும் நிரப்பி, எல்லாவற்றிலும் பீன்ஸ் அல்லது பட்டாணி விதை போட வேண்டும். இரண்டு மூன்று இலையடுக்கு வரும் வரை வளரவிட்டு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சந்தேகமுள்ள மண் நிரப்பிய தொட்டிகளில் மட்டும் இலை கிண்ணமாகக் குழிந்து, நுனி சுருண்டு, தண்டு முறுக்கினால் மருந்து இன்னும் இருக்கிறது. நடுவதைத் தள்ளிப்போட்டுச் சில மாதம் கழித்து அதே சோதனையை மறுபடி செய்யலாம்.